கதவு திறக்கும் வீடுகள்



பயண இலக்கியத்துக்காக ஏற்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. பயண நூல்களைப் பற்றி என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது வழிகாட்டிக் கையேடு. எந்த வண்டியில் ஏறுவது, எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன ஆகும், கோட்டை வாசலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று சொல்லும் புத்தகம். இலக்கிய வரலாற்றில் அதற்கு இடம் கிடையாது. பயண நூல் எழுதியவருக்குப் பரிசு உண்டு, பாராட்டு விழா உண்டு. கையேடு எழுதியவரின் பெயர் பல நேரங்களில் அட்டையில்கூட இருக்காது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 ஆண்டுகள் பணிபுரிந்தவன். பழைய நூல்களைக் கழித்து ஒதுக்கும் வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். பட்டியல் போட்டு, காரணம் எழுதி, குழுவின் கையெழுத்து வாங்கி, கட்டுக் கட்டாக எடைக்குப் போடுவோம். அந்தப் பட்டியலில் முதலில் வந்து நிற்பவை கையேடுகள்தான். காரணம் என்ற இடத்தில் ‘பதிப்பு பழையது’ என்று எழுதினால் போதும், எவரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதியிருக்கிறேன். ஒருநாள், எடைக்குக் கட்டி வைத்திருந்த கட்டொன்றைப் பிரித்துச் சும்மா படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று விளங்கியது. நாவலாசிரியர் வருங்காலம் தன்னைப் படிக்கும் என்ற நினைப்போடு எழுதுகிறார். கையேடு எழுதுபவர் இந்த ஆண்டு ஊருக்குப் போகிறவருக்காக மட்டும் எழுதுகிறார். அதனால் அவர் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. தன் காலத்தில் எது இயல்பு என்று எண்ணப்பட்டதோ அது அப்படியே பக்கத்தில் கிடக்கிறது. யாரைத் தன் வாசகராக நினைக்கிறார், யாரை வெறும் காட்சியாக நினைக்கிறார் என்பதும் கிடக்கிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்: ஒரு கையேடு யாரைப் பயணி என்று கணக்கில் சேர்க்கிறது?

பரிசு பெற்றவர் பெறாதவருக்கு வள்ளலிடம் போக வழி சொல்லும் ஆற்றுப்படைப் பாட்டுகளை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். கூத்தர் ஆற்றுப்படையான மலைபடுகடாத்தின் 583 அடிகளில் வள்ளல் நன்னனின் புகழ் எவ்வளவு உண்டோ அந்த அளவுக்கு வழிச்செய்தியும் உண்டு. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், ஆகவே விடிந்த பிறகு நடங்கள். தினைப்புனம் காப்பவர் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள். பாம்பு உறையும் குழிகள் உண்டு, வழுக்கும் பாறைகள் உண்டு. இவற்றைச் சொல்லுகிறவர் யார்? அதே வழியில் போய்த் திரும்பிய இன்னொரு கூத்தர். பாணரைப் பாணர் ஆற்றுப்படுத்துகிறார், பொருநரைப் பொருநர். சொல்பவரும் கேட்பவரும் ஒரே பசியை அறிந்தவர்கள். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று அத்தனை விரிவாக அந்தப் பாட்டுகள் சொல்வதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். இந்த ஓர் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஐரோப்பாவில் இன்றைய பொருளில் கையேடு என்று சொல்லத்தக்கதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஒரு பெண். மரியானா ஸ்டார்க். அவருடைய தந்தை ரிச்சர்ட் ஸ்டார்க், நம் கடலூருக்குப் பக்கத்தில் இருந்த செயிண்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை ஆளுநராக இருந்தவர். மரியானா முதலில் எழுதியவை நாடகங்கள். 1788இல் வந்த நாடகம் சோழமண்டலக் கரையில் நடக்கிறது. பிறகு நோயுற்ற உறவினர்களைக் கவனித்துக்கொள்வதற்காக 1792இல் இத்தாலிக்குப் போனவருக்கு 1798 வரை அங்கே இருக்க நேர்ந்தது. நெப்போலியனின் படைகள் இத்தாலிக்குள் வந்த காலம் அது. 1800இல் ‘இத்தாலியிலிருந்து கடிதங்கள்’ வெளிவந்தது. 

அந்த நூலின் பெருமை நோயாளியோடு பயணம் செய்த ஒருவரின் கவனத்தில் இருக்கிறது. சாமான் பட்டியல் தருகிறார்: படுக்கை விரிப்பு, கொசுவலை, கத்தி, தேயிலை, மருந்துகள். விடுதிப் படுக்கையில் லாவண்டர் எண்ணெய் நாலைந்து சொட்டு தெளித்தால் மூட்டைப்பூச்சியும் தெள்ளுப்பூச்சியும் அண்டாது என்கிறார். கலங்கல் தண்ணீரைக் கந்தக அமிலத்தின் சில சொட்டுகளால் தெளியவைப்பது எப்படி என்று சொல்கிறார். இன்ன ஊரில் சலவைக்கு என்ன கூலி, வண்டிக்கு என்ன வாடகை, கடவுச்சீட்டில் யாரிடம் முத்திரை வாங்க வேண்டும் என்று எழுதுகிறார். ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறி போடுகிறார்: நல்லதற்கு ஒன்று, அதைவிட நல்லதற்கு இரண்டு, மூன்று என்று. இன்று கைப்பேசியில் நாம் தட்டுகிற நட்சத்திரங்களுக்கு அவை மூதாதை.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால் 1839இல் வெளியான தம் நாவலில் ஓர் ஆங்கிலேயரைக் கேலி செய்கிறார். ஸ்டார்க் அம்மையாரின் புத்தகத்தில் விலையைப் பார்க்காமல் சின்னஞ்சிறு பொருளைக்கூட வாங்காதவர் அந்த மனிதர். எனக்கு ஸ்தாந்தால் மீது பெரும் மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் கேலியில் நான் ஸ்டார்க் பக்கம். மொழி தெரியாத ஊரில், கையில் அளவான பணத்தோடு, படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒரு கோப்பைப் பாலின் நியாய விலை தெரிந்திருப்பது எத்தனை பெரிய துணை! அழகைப் பற்றி எழுதப் பலர் உண்டு. பாலின் விலையை எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே குடும்பம்தான் ஸ்டார்க்கின் பிற்கால நூல்களை வெளியிட்டது. அந்தக் குடும்பத்தின் இளைஞர், மூன்றாம் ஜான் மர்ரே, தாமே ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்து 1836இல் ஐரோப்பிய நாடுகளுக்கான தம் முதல் கையேட்டைக் கொண்டுவந்தார். சிவப்பு அட்டை, வழித்தட எண்கள். அந்த வரிசையில் 1859இல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு கையேடு வந்தது. எழுதியவர் எட்வர்ட் ஈஸ்ட்விக். நம் கோயில்களையும் சத்திரங்களையும் ஆற்றுத்துறைகளையும் பற்றித் தெரிந்துகொள்ள இன்றும் உதவும் நூல். ஆனால் அது பேசிக்கொண்டிருப்பது நம்மோடு அல்ல. நாம் அதில் சுமை தூக்குகிறோம், பல்லக்கைச் சுமக்கிறோம், கூலி வாங்குகிறோம்.

மர்ரேவின் அட்டை நிறத்தையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, அதை வேறொரு தரத்துக்குக் கொண்டுபோனவர் கார்ல் பேடெக்கர். 1801இல் ஜெர்மனியின் எஸ்ஸனில் பிறந்தவர். ரைனும் மோசலும் கூடும் கோப்லென்ஸ் நகரில் 1827இல் புத்தகக் கடை வைத்தார். நொடித்துப்போன பதிப்பகம் ஒன்றை வாங்கினார். ரைன் ஆற்றுப் பயணத்தைப் பற்றி அந்தப் பதிப்பகம் முன்பு வெளியிட்டிருந்த நூல் ஒன்றைத் திருத்தித் திருத்தித் தம்முடையதாக்கினார். 1859இல், 57 வயதில் இறந்துபோனார். அதற்குள் அவர் பெயரே கையேட்டுக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1847இல் மிலான் பேராலயத்தின் படிகளில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இருபது படிக்கும் நின்று, மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போடுகிறார். உச்சிக்குப் போனதும் பட்டாணிகளை எண்ணி இருபதால் பெருக்குகிறார். இறங்கும்போது மறுபடியும் அதே வேலை, கணக்குச் சரிதானா என்று பார்க்க. அவர்தான் பேடெக்கர்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அவர் நடக்க முடியாமலான பிறகு, நெடுநாள் ஆசைப்பட்ட ஒரு கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். போகும் முன் கிடைத்த புத்தகம் எல்லாம் படித்தேன். கோபுரம் எத்தனை அடி உயரம் என்று இருந்தது. யார் கட்டினார், எந்த ஆண்டு, எத்தனை தூண் என்று இருந்தது. வாசலில் எத்தனை படி என்று ஒன்றிலும் இல்லை. போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. அம்மா வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பட்டாணியால் படி எண்ணிய மனிதரைச் சிலர் நகைப்புக்குரியவராகப் பார்க்கிறார்கள். எனக்கு அவர் கண்ணுக்குள் நிற்கிறார்.

பேடெக்கர் நூல்களில் விளம்பரம் இருந்ததில்லை. விடுதிக்குக் கொடுக்கும் நட்சத்திரத்தைப் பணத்தாலோ தயவாலோ வாங்க முடியாது என்று முன்னுரையிலேயே அறிவிப்பு இருக்கும். பிழை கண்டால் எழுதுங்கள் என்று வாசகரிடம் வேண்டுகோள் இருக்கும். நேர்மை, துல்லியம், உழைப்பு மூன்றும் இருந்தன. இவை மூன்றும் இருந்தும் ஒரு கையேடு எவ்வளவு தூரம் கீழே போக முடியும் என்பதை அடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

1942 மார்ச் இறுதியில் பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் என்ற பழம்பெரும் ஜெர்மானிய நகரை எரித்தன. பதிலடியாக, பேடெக்கரில் மூன்று நட்சத்திரம் பெற்ற கட்டடங்களை எல்லாம் குண்டு வீசித் தகர்ப்போம் என்று ஜெர்மன் வெளியுறவுத் துறையைச் சேர்ந்த ஒருவர் ஏப்ரலில் அறிவித்தார். பேடெக்கரில் உச்ச மதிப்பு இரண்டு நட்சத்திரம்தான், மூன்று என்பது இல்லை. மிரட்டியவர் புத்தகத்தைச் சரியாகப் பார்த்தவரில்லை என்று தெரிகிறது. ஆனால் இங்கிலாந்தின் எக்ஸிட்டர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி ஆகிய ஊர்கள் அடுத்த வாரங்களில் எரிந்தன. 1,600 பேருக்கு மேல் மாண்டார்கள். போர்த்தொழிலுக்காக அல்லாமல், அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்கள். வரலாற்று நூல்களில் அந்தத் தாக்குதல்களுக்குப் பெயரே ‘பேடெக்கர் தாக்குதல்கள்’. அடுத்த ஆண்டு டிசம்பரில் லைப்சிக் மீது நடந்த குண்டுவீச்சில் பேடெக்கர் நிறுவனத்தின் கட்டடமும் அதன் ஆவணங்களும் அழிந்தன.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. டயர் விற்பனைக்காக மிஷலன் சகோதரர்கள் 1900இல் இலவசமாக அச்சிட்டுக் கொடுத்த கையேடு 1939 வரை வளர்ந்துகொண்டே வந்தது. 1944இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்குவதற்கு முன், அந்த 1939 பதிப்பை வாஷிங்டனில் மறுபடி அச்சிட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்த நகர வரைபடங்கள் அவ்வளவு நம்பகமானவை. உணவுக்கடைகளைத் தேடப் போட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு படைவீரர்கள் தெருத்தெருவாகப் போனார்கள்.

குண்டு வீசியவர் செயலுக்குக் கையேட்டின் மேல் பழி போட நான் வரவில்லை. பழி போடவேண்டிய புத்தகம் வேறு. 1943இல் பேடெக்கர் நிறுவனம் ஒரு புதிய கையேட்டை வெளியிட்டது. ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்துப் பகுதிக்கான கையேடு. நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் ஆண்டுகொண்டிருந்த நிலம் அது. ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் ஆகிய கொலைமுகாம்கள் அந்த நிலத்தில்தான் இருந்தன. வழக்கமான சிவப்பு அட்டை, வழக்கமான வரைபடங்கள், ரயில் நேரங்கள், பார்க்கத்தக்க இடங்கள். நகரங்களை வருணிக்கும்போது, முன்பு யூதர்கள் இத்தனை பேர் இருந்தார்கள், இப்போது ‘யூதரற்றது’ என்று ஒரு சொல். அதுவும் தகவல்தான். கையேட்டு மொழியில் துல்லியமான தகவல். அந்த மக்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றாத ஒருவருக்காக எழுதப்பட்ட தகவல்.

நண்பர்களே, நூலகராக நான் எத்தனையோ மோசமான புத்தகங்களைத் தொட்டிருக்கிறேன். வெறுப்பைக் கத்தி விற்கும் புத்தகத்தை அடையாளம் காண்பது எளிது. ரயில் நேரத்துக்கும் அருங்காட்சியகக் கட்டணத்துக்கும் நடுவே ஒரு மக்கள்கூட்டம் இல்லாமல் போனதை அமைதியாகக் குறித்துச் செல்லும் அந்தப் பக்கமே நான் அறிந்தவற்றில் மிகக் கொடியது. படிகளை எண்ணிய மனிதர் தொடங்கிய நிறுவனம் அது. எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

இனி, நான் மிகவும் மதிக்கும் கையேட்டுக்கு வருகிறேன்.

விக்டர் ஹ்யூகோ கிரீன் ஒரு தபால்காரர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குடியிருந்தவர், பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக் ஊரில் கடிதம் பட்டுவாடா செய்தவர். கறுப்பின அமெரிக்கர். 1930களில் அமெரிக்காவில் கார் வாங்கிய கறுப்பினக் குடும்பத்துக்கு அது பெரிய விடுதலை. ரயிலில் தனிப்பெட்டியில் ஏறு, பேருந்தில் பின்னிருக்கையில் உட்கார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கார் நிற்க வேண்டுமே. பெட்ரோல் போட வேண்டும், சாப்பிட வேண்டும், குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டும், இரவில் படுக்க வேண்டும். எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு அறைந்து சாத்தப்படும், எந்த ஊரில் பொழுது சாய்ந்த பின் நின்றாலே உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் வண்டியோட்டும் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பொழுது சாய்ந்ததும் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று எல்லையிலேயே பலகை வைத்த ஊர்கள் இருந்தன. தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. அதனால் கறுப்பினக் குடும்பங்கள் கட்டுச்சோறு, போர்வை, கூடுதல் பெட்ரோல், கழிப்பதற்கு ஒரு டப்பா என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பின.

1936இல் கிரீன் ஒரு சிறு கையேடு அச்சிட்டார். ‘நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்’. முதல் சொல் அன்றைய வழக்கு. முதலில் நியூயார்க் வட்டாரம், பிறகு நாடு முழுவதும், பிற்காலப் பதிப்புகளில் கனடா, மெக்சிகோ, பெர்முடா வரை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் வரவில்லை. மற்றபடி முப்பது ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? ஊர்ப் பெயர். அதன் கீழே விடுதி, உணவகம், முடிதிருத்தும் கடை, தையற்கடை, பெட்ரோல் நிலையம், கார் பழுதுபார்க்கும் இடம். பெயர், தெரு, கதவு எண். அவ்வளவுதான். வருணனை கிடையாது, நட்சத்திரம் கிடையாது. நிறைய ஊர்களில் விடுதியே இருக்காது. அங்கே ஒரு வீட்டின் முகவரி மட்டும் இருக்கும். பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர். வழிப்போக்கருக்கு ஓர் அறையைக் கொடுத்து, காலையில் சாப்பாடும் போட்டு அனுப்பிய வீடு. சில ஊர்களுக்கு அந்த ஒரே ஒரு வரிதான். நூறு மைல் நெடுஞ்சாலையில் கதவு திறக்கும் ஒரே வீடு!

தகவல் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. கிரீன் ஒரு தபால்காரர் அல்லவா? எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் அறை கிடைக்கும் என்று தபால்காரரைவிட அறிந்தவர் யார்? மற்ற ஊர்களின் கறுப்பினத் தபால்காரர்கள் அவருக்கு எழுதினார்கள். வாசகர்கள் எழுதினார்கள். போனவர் சொல்ல, வருகிறவர் கேட்டுக்கொண்டார். விற்பதற்கு எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்கள் உதவின. அந்த நிறுவனம் தன் நிலையங்களில் கறுப்பின வாடிக்கையாளரை ஏற்றுக்கொண்டது. ஆற்றுப்படையின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூத்தரைக் கூத்தர் ஆற்றுப்படுத்துவது போலத்தான் இது. பன்றிப் பொறி எங்கே இருக்கிறது என்று அந்த வழியில் கால் வைத்தவர் சொல்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் எவரும் அந்தப் பட்டியலைத் தயாரித்திருக்க முடியாது.

இந்தக் கையேடு தேவைப்படாத நாள் ஒன்று வரும், அன்று இதை நிறுத்திவிடுவது தங்களுக்கு மகிழ்ச்சி என்று அதன் முன்னுரை சொன்னது. தன் முடிவைத் தானே வேண்டிக்கொண்ட வேறொரு கையேட்டை நான் பார்த்ததில்லை. கிரீன் 1960இல் இறந்தார். அவர் மனைவி ஆல்மா அதைத் தொடர்ந்து நடத்தினார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964 ஜூலையில் வந்தது. கையேட்டின் கடைசிப் பதிப்பு 1966–67க்கானது. அதில் இடம்பெற்று வந்த விடுதிகளில் ஒன்று மெம்ஃபிஸ் நகரின் லொரெய்ன் மோட்டல். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அங்கேதான் மாடத்தில் நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகம்.

அமெரிக்கக் கதை என்று இதை அங்கேயே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

1830 மே மாதம் சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி காசிக்குக் கிளம்பினார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் தலைவர். ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பரிவாரம். 1831 செப்டம்பரில் திரும்பினார். வழிநெடுக நண்பருக்கு எழுதிய குறிப்புகள் 1838இல் தெலுங்கில் ‘காசி யாத்திரைச் சரித்திரம்’ என்று அச்சாயின. இந்திய மொழிகளில் இத்தனை பயனுள்ள வழிநூல் அதற்கு முன் அச்சேறியிருக்குமா என்று சந்தேகப்படுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் உண்டா, கடை உண்டா, சாமான் கிடைக்குமா, தங்க இடம் உண்டா, பிராமணர் வீடுகள் எத்தனை என்று குறித்துக்கொண்டே போகிறார். அவர் போன்ற ஒருவருக்கு அந்த நூலை நம்பி நடக்கலாம்.

இப்போது 1901. பம்பாய் மாகாணத்தில் மசூர் என்ற ரயில் நிலையம். நான்கு சிறுவர்கள் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். நல்ல சட்டை, நல்ல தொப்பி. கோரேகாவில் வேலை பார்க்கும் தந்தையிடம் போகவேண்டும், கடிதம் போய்ச் சேராததால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நிலைய அதிகாரி அன்போடு விசாரிக்கிறார். தீண்டாமைக்கு உள்ளான மகார் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றத் தயாராக இல்லை, இரட்டை வாடகை தருவதாகச் சொன்ன பிறகும். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார்: வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். கையில் சாப்பாடு இருக்கிறது. தண்ணீர் கொடுக்கத்தான் வழியில் ஒருவரும் இல்லை. அன்றிரவு அவர்கள் பசியோடு படுத்தார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவர் பீமராவ் அம்பேத்கர்.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் அவர் இதை எழுதியிருக்கிறார். 1934இல் நடந்த இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சுமார் முப்பது தோழர்களோடு எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பியவர், வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போகிறார். கோட்டை வாசலில் நீர் நிரம்பிய குளம். புழுதி படிந்த முகத்தைச் சிலர் கழுவிக்கொள்கிறார்கள். தீட்டாகிவிட்டது என்று கூச்சல் எழுகிறது, கூட்டம் சூழ்கிறது. கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒருவர் உடன் அனுப்பப்பட்டார். அப்போது அவர் உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர், வட்டமேசை மாநாட்டில் பேசியவர்.

எல்லோராவும் தௌலதாபாத்தும் எந்தக் கையேட்டிலும் இடம்பெறும் இடங்கள். கோட்டையின் உயரம், அகழியின் ஆழம், இருட்டுச் சுரங்க வழி எல்லாம் இருக்கும். அந்தக் குளத்தில் யார் முகம் கழுவலாம் என்று இருக்காது. ஹார்லெமில் அந்தத் தபால்காரர் கையேடு அச்சிட்ட அதே காலத்தில்தான் அம்பேத்கர் இந்த நினைவுகளை எழுதியிருக்கிறார். அங்கே கதவு திறக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்று உருவானது. இங்கே அப்படி ஒரு பட்டியல் அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. என் பணிக்காலத்தில் மிகவும் தேடியிருக்கிறேன்.

பிறகு வந்த கையேடுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆர்தர் ஃபிராமர் 1957இல் நாளுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பாவைப் பார்க்கலாம் என்று எழுதினார். லண்டனிலிருந்து தரைவழியே ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த டோனி வீலரும் மௌரீன் வீலரும் 1973இல் தம் அனுபவத்தை ஒரு சிறு நூலாக்கி, தாமே அடுக்கித் தைத்து விற்றார்கள். லோன்லி பிளானெட் அப்படித் தொடங்கியது. காசு குறைந்த இளைஞர்களுக்காகக் காசு குறைந்த இளைஞர்களே எழுதியது அதன் பலம். எல்லையிலேயே விசா வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தகைய நூல்கள் சொன்னபோது மட்டும், நம் கையிலிருந்த கடவுச்சீட்டு அவர்களுடைய கணக்கில் பல நேரம் இல்லை.

தமிழுக்கு வந்தால், பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரை வணங்காமல் மேலே போக முடியாது. தாம் எழுதியதோடு நிற்காமல், ‘குமரி மலர்’ இதழில் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையெல்லாம் தேடித் தேடிப் பதிப்பித்தவர். அவர் நடையில் தாம் துருத்திக்கொண்டு நிற்கமாட்டார், ஊர் முன்னால் நிற்கும். அவருக்குப் பின் நம்மிடம் பயண நூல்கள் பெருகியிருக்கின்றன. ஐரோப்பாவைப் பார்த்தவர், சீனாவைப் பார்த்தவர், இமயமலை ஏறியவர் எல்லோரும் எழுதுகிறார்கள். கையேடு பெருகவில்லை. கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசியில் ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அந்த ஆயிரம் பேர் யார் என்று தெரியவில்லை. அவர்களில் சக்கர நாற்காலியில் போனவர் உண்டா? இரவு பதினொரு மணிக்குத் தனியாகப் பேருந்து நிலையத்தில் இறங்கிய பெண் உண்டா? ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் சொன்னதும் அறை இல்லை என்று சொல்லப்பட்டவர் உண்டா? வளைகுடாவுக்கு முதல்முறை வேலைக்குப் போய், விமான நிலையத்தில் ஆங்கிலப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எங்கள் ஊர்ப் பிள்ளை உண்டா?

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் அப்படிப்பட்ட வழிகளில் வந்தவர்கள்தான். உங்கள் குடும்பத்தில் முதலில் சென்னைக்கு வந்தவர் நீங்களாக இருக்கலாம், முதலில் தேர்வு எழுத டெல்லிக்குப் போனவர் நீங்களாக இருக்கலாம். எந்த விடுதியில் கேள்வி கேட்காமல் அறை கொடுத்தார்கள், எந்த நிலையத்தில் இரவில் பெண்கள் ஓய்வறை திறந்திருந்தது, மருத்துவமனைக்கு எதிரில் நோயாளியின் துணைக்கு வந்தவர் சமைத்துக்கொள்ள எங்கே இடம் கிடைத்தது, கோயிலில் பின்வாசல் வழியாகப் போனால் எத்தனை படி குறையும்: இவை உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. பயண இலக்கியம் எழுதுகிறோம் என்று எண்ணவேண்டாம். ஊர், தெரு, கதவு எண், தேதி, செலவான தொகை போதும். உங்களுக்கு அடுத்து அதே பேருந்தில் ஏறப்போகிறவருக்காக எழுதுங்கள். எழுதியதை உங்கள் துறை நூலகத்தில் கொடுங்கள்.

இங்கு வந்திருக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படிப்பட்ட ஒரு குறிப்பேடு, நாற்பது பக்கம் கொண்டதாக இருந்தாலும், கையெழுத்தில் இருந்தாலும், அதைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்துக் கழிக்கும் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, ‘பதிப்பு பழையது’ என்று அதன்மேல் எழுதாதீர்கள்.